பச்சைக் கட்டம்

பாட அட்டையை லேமினேட் செய்யும்போது ஓரத்தில் ஒரு விரல் அகலமாவது விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் பிள்ளைகளின் வியர்வை உள்ளே இறங்கி, ஒரே வருஷத்தில் எழுத்து கலங்கிவிடும். புதிதாக வருகிற உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று பார்க்கிறீர்கள், கான்ஸ்டபிள். காப்பி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவேன்.

இந்தப் பள்ளியில் ஜிம் வகுப்புக்கு இருந்த அட்டைகள் எல்லாம் என் கையால் செய்தவை. வாலிபாலை எப்படி எடுப்பது, குதித்து இறங்கும்போது முழங்காலை எப்படி மடக்குவது, ஓடும்போது எப்போது நிற்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டு வைத்திருந்தேன். 'வெர்னா அட்டை' என்றால் மானிடோபா மாகாணத்தின் இந்த மூலையில் அத்தனை பள்ளிகளுக்கும் தெரியும். விளையாட முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கென்று தனியாக ஒரு கட்டு உண்டு. லெஸ்யா ஹோலோவாட்டி படித்தது அந்தக் கட்டைத்தான்.

லெஸ்யாவுக்குக் கைக்குழந்தையிலேயே இதயத்தில் ஆபரேஷன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க என் பக்கத்தில் பெஞ்சில்தான் இருந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பெண். அப்படி ஒரு பிள்ளை இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.

"மிஸ், பாட்மிண்டன் ரூல்ஸ் எல்லாம் எனக்குத் தலைகீழா தெரியும். மட்டையத்தான் இன்னும் தொட்டதே இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம்தான் ட்ரெவர் மார்க்கூ புது உடற்கல்வி ஆசிரியராக வந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஜிம் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டினார். பிள்ளைகளின் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை. யார் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று அந்தப் பட்டை பார்த்துச் சொல்லும். திரையில் அவரவர் பெயரோடு ஒரு கட்டம். பச்சை என்றால் ஓடலாம், மஞ்சள் என்றால் நடக்கணும், சிவப்பு வந்தால் உட்காரணும். லெஸ்யாவுக்கு மட்டும் இதயம் இவ்வளவுக்கு மேல் அடிக்கக் கூடாது என்று வினிபெக் டாக்டர் தனியாக ஒரு அளவு சொல்லியிருந்தார், மற்றவர்களுடையதை விட ரொம்பக் குறைவு. அந்த அளவை ட்ரெவர் இயந்திரத்தில் ஏற்றினார். முதல் முறையாக அந்தப் பெண் மட்டையைக் கையில் எடுத்தாள். அவள் அம்மா ஓரிசியா பள்ளிக்கே வந்து, ட்ரெவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அன்றைக்கு லெஸ்யா என் அட்டைக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே எனக்கு இது வேணாம்ல மிஸ்? வேற யாருக்காச்சும் குடுங்க." பேசும்போதே கண் திரைக்குப் போய்விட்டது. எனக்கு வலித்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை.

ஆசிரியர் அறையில் ட்ரெவர், "வெர்னா, உங்க அட்டையெல்லாம் பத்திரமா வைங்க. நாளைக்கு மியூசியத்துலேர்ந்து கேட்டு வருவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே வாரம் அந்த அட்டைகள், பழைய காகிதம் போடுகிற நீலத் தொட்டியில் கிடந்தன.

அன்றிலிருந்து எனக்கு அந்தத் திரை மேல் சந்தேகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூச்சு வாங்கினால் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிற பழக்கமே பிள்ளைகளுக்குப் போய்விட்டது. "டேய், நான் இன்னும் பச்சைதான்டா, ஓடு" என்று கத்துவார்கள். ஆசிரியர் ஒருவர் நிற்பதே யார் கண்ணிலும் படவில்லை. முதல்வரிடம் போய்ச் சொன்னேன். "பொறாமைப்படாதீங்க வெர்னா" என்றார். அது பொறாமை இல்லை. பிள்ளைகள் மேல் அக்கறை.

அந்தத் திரை ஏமாற்றுவதை ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று நினைத்தேன். ட்ரெவர் தன் கம்ப்யூட்டரைப் பூட்டுவதே இல்லை. அவர் கேன்டீனில் பெரோகி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் உட்கார்ந்து டாக்டர் சொன்ன அளவை எடுத்துவிட்டு, மற்ற பிள்ளைகளுக்கு உள்ள அளவை லெஸ்யாவுக்கும் போட்டேன்.

ஏன் லெஸ்யா என்று கேட்பீர்கள். மற்றதுகள் களைத்தால் தானாக நின்றுவிடும், இல்லை தண்ணீர் குடிக்கிறேன், பாத்ரூம் போகிறேன் என்று நழுவிவிடும். பச்சை இருக்கிற வரை ஓடு என்றால் ஓடுகிற பெண் அவள் ஒருத்திதான். இதை நான் நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தேன்.

லெஸ்யா ஜிம்மில் விழுந்ததிலிருந்து, ட்ரெவர் கவனக்குறைவாக அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவரை வேலையிலிருந்து நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். அந்தக் 'கவனக்குறைவு' என்ற வார்த்தையைத்தான் என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இப்படி ஒரு காரியத்தைச் செய்கிற பொறுமை அந்த மனிதருக்கு ஏது?

நீங்கள் அந்த மின் அதிர்ச்சிப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்கிற பெட்டி. எப்போதும் முதல்வர் அறைக்கு வெளியே தொங்கும். அன்று காலை அதை எடுத்துவந்து ஜிம் வாசலில் வைத்தது நான்தான். இத்தனை பேரில் உங்களுக்கு மட்டும்தான் அது உறுத்தியிருக்கிறது. மற்றவர்கள் எனக்குக் கேக் வெட்டினார்கள், மேலே நீல க்ரீமில் 'நன்றி வெர்னா' என்று எழுதி. கெடுதல் நினைக்கிறவள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாளா, நீங்களே சொல்லுங்கள்.

லெஸ்யா பிழைத்தாள். பிழைக்க வைத்தது நான். கொஞ்சம் நேரமாகிவிட்டது, மூளைக்கு ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான். வினிபெக் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் புதிதாக அட்டைகள் செய்து கொடுத்திருக்கிறேன், கரண்டி, செருப்பு, ஜன்னல், அம்மா என்று. 'அம்மா' மட்டும் சில நாள் வருகிறது. ஓரிசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா என் பொண்ணு இல்ல வெர்னா" என்றார். நான் மறுக்கவில்லை. லெஸ்யா முன்பு போலவே என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்க்கிறாள். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

அவள் விழுவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததா என்றுதானே கடைசியாகக் கேட்டீர்கள்?

தெரிந்தது. உதடு நீலம் பாரித்தால் உடனே நிறுத்து என்று படம் வரைந்தவள் நான்தான். ட்ரெவர் அந்தப் பக்கம் இரண்டு பையன்களின் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தங்கள் தங்கள் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். என்னைத் தாண்டும்போது லெஸ்யாவின் நடை தளர்ந்தது. பிள்ளைகள் திரையைத்தான் நம்புகிறார்கள் என்று நான் நினைத்தது அவள் விஷயத்தில் தவறு. அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நிக்கவா மிஸ்?" என்று கேட்டாள்.

நான் திரையைக் கைகாட்டினேன். பச்சையாகத்தான் இருந்தது.