அந்தூரியத்துக்கு ஒரு மோட்டர்

ஆரபி: உங்கடை தண்ணி விடுற மிசின் பிறகும் நிண்டிட்டுதோ?

சுரேஸ்: நிண்டது எண்டு சொல்லேலாது... தொடங்கவே இல்லை.

ஆரபி: போன கிழமை ரியூப் அடைச்சுப்போச்சு எண்டனீங்கள். அதுக்கு முதல் எறும்பு. இண்டைக்கு என்ன, நாள் சரியில்லையோ?

சுரேஸ்: பகிடி விடாதையும். ஒருக்கா இந்த ரோச் லைற்றைப் பிடியும்... அங்கை இல்லை, அந்தூரியப் பூச்சாடிக்குக் கிட்ட.

ஆரபி: ஹெல்மெட்டைக் கழட்ட விடுங்கோவன் முதல்.

சுரேஸ்: மண்ணிலை குத்திக் கிடக்கிற ரெண்டும் சைக்கிள் சில்லுக் கம்பி. ஈரத்திலை கிடந்தாலும் கறள் பிடிக்காது. மண் ஈரமா இருந்தால் ஒண்டிலையிருந்து மற்றதுக்குக் கரன்ற் போகும். காய்ஞ்சால் போகாது. போகாட்டில் மோட்டர் ஓடத் தொடங்கும்.

ஆரபி: மோட்டர் எண்டு எதைச் சொல்லுறியள், உந்தப் பெருவிரல் அளவுச் சாமானையோ?

சுரேஸ்: உது காரிலை முன்கண்ணாடி கழுவத் தண்ணி அடிக்கிற மோட்டர். எங்கடை கராஜிலை கழிச்சு விட்டது. கீழை வாளி, மேலை ஆஸ்பத்திரியிலை ஏத்துற சேலைன் ரியூப். ஒன்பது சாடிக்கும் ஒன்பது. இந்தக் குட்டிச் சில்லை உருட்டினால் ஒவ்வொண்டுக்கும் வேணுமான அளவு...

ஆரபி: எல்லாம் வடிவாத்தான் இருக்கு. தண்ணி மட்டும் வரேல்லை.

சுரேஸ்: வரும். அவசரப்படாதையும்.

ஆரபி: அவசரம்தான். திங்கட்கிழமை நான் பதில் சொல்லவேணும்.

சுரேஸ்: ஆருக்கு?

ஆரபி: பாங்கிலை. மன்னாருக்கு இடமாற்றம் தாறம், போறியோ எண்டு கேட்டிருக்கினம்.

சுரேஸ்: ...எவ்வளவு காலத்துக்கு?

ஆரபி: மூண்டு வருசம். சாவகச்சேரியிலை வாடகைக்கு இருந்துகொண்டு, ஒண்டைவிட்ட ஒருநாள் ஸ்கூட்டியிலை இஞ்சை மீசாலைக்கு வந்து என்ரை சாடியளுக்குத் தண்ணி விடலாம். மன்னாரிலை இருந்து வரேலுமோ? அதுதான் கேக்கிறன், உது வேலை செய்யுமோ செய்யாதோ?

சுரேஸ்: சாடியைப் பற்றித்தான் யோசனை.

ஆரபி: வேறை எதைப் பற்றி யோசிக்கிறது?

சுரேஸ்: ஒண்டுமில்லை... தேத்தண்ணி வைக்கட்டே?

ஆரபி: நீங்களோ? நாலு வருசம் புருசன் பெண்சாதியா இந்த வீட்டிலை இருந்தனாங்கள். அடுப்புப் பக்கம் உங்களை நான் கண்டதில்லை.

சுரேஸ்: நீர் போனாப் பிறகு பழகினது.

ஆரபி: கதைக்கவும் அப்பதான் பழகினனீங்கள் போல. முந்தி கராஜாலை வந்தால் சாப்பாடு, போன், நித்திரை. நானும் சுவரும்தான் மிச்சம். அது தாங்கேலாமல்தான் வெளிக்கிட்டனான். இப்ப பாத்தால் எறும்பு, ரியூப், கம்பி எண்டு ஒரு மணித்தியாலம் விடாமல் கதைக்கிறியள்.

சுரேஸ்: எறும்பைப் பற்றிக் கதைக்கிறது லேசு.

ஆரபி: ம்... அது சரி.

சுரேஸ்: ரோச்சை ஆட்டாதையும். உம்மடை மற்றக் கை மண்ணுக்குள்ளை என்ன செய்யுது?

ஆரபி: ஈரம் பாக்கிறன்.

சுரேஸ்: காய்ஞ்சுதான் கிடக்கும். விடும்.

ஆரபி: மேல் மண் காய்ஞ்சிருக்கு. ஒரு விரல் கீழை சில்லெண்டு கிடக்கு. நான் கடைசியா வந்தது புதன்கிழமை. நேற்று வேணுமெண்டுதான் வராமல் விட்டனான். இந்தப் புரட்டாதி வெயிலுக்கு மூண்டு நாள் ஈரம் நிக்குமோ?

சுரேஸ்: நான் ஒரு கோப்பை தண்ணி விட்டிருப்பன்...

ஆரபி: நீங்கள் விட்டால் வெள்ளம்தான் நிக்கும். ஓர்க்கிட் செடியை அழுகப்பண்ணினது மறந்துபோச்சோ? இது அளவா விட்ட தண்ணி. ...சேட்டுப் பொக்கற்றிலை என்ன?

சுரேஸ்: பியூஸ்.

ஆரபி: எதின்ரை பியூஸ்?

சுரேஸ்: இதின்ரைதான். உம்மடை ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கையிலை கேட்டால் கழட்டிப்போடுவன்.

ஆரபி: எவ்வளவு காலமா?

சுரேஸ்: ஆடிப்பிறப்பு அண்டைக்கே இது ஒழுங்கா ஓடத் தொடங்கீட்டுது. எறும்பும் பொய், ரியூப் அடைச்சதும் பொய். வேலை செய்யுது எண்டு சொன்னால் நீர் வாறதை விட்டிடுவீர் எண்டு பயம்.

ஆரபி: அதை வாயாலை சொல்லியிருக்கலாமே.

சுரேஸ்: சொல்லத் தெரிஞ்சிருந்தால் நீர் அப்பவே போயிருக்கமாட்டீர். ...சரி, பியூசைப் போட்டிட்டன். அந்தக் கம்பி ரெண்டையும் மண்ணாலை வெளியிலை எடும். செடிக்குத் தண்ணி இல்லை எண்டு அது நினைக்கட்டும்.

ஆரபி: எடுத்திட்டன்.

சுரேஸ்: சத்தம் கேக்குதோ?

ஆரபி: ஓம்... வருகுது. ஒன்பதுக்கும் வருகுது. மணிப்பிளான்றுக்குக் கூடுதலா, கள்ளிக்குச் சொட்டுச் சொட்டா... நல்லாச் செய்திருக்கிறியள்.

சுரேஸ்: வாளிக்குப் பதிலா ஒரு பெரிய தண்ணிப் பரல் வைச்சுவிடுறன். சாடியை யோசிச்சு நீர் நிக்கத் தேவையில்லை. போறதெண்டால் போம்.

ஆரபி: அவ்வளவுதானோ?

சுரேஸ்: இல்லை. போகாதையும். சாடிக்காண்டி இல்லை... எனக்கு நீர் இல்லாமல் இந்த வீட்டிலை இருக்கேலாமல் கிடக்கு.

ஆரபி: ரோச்சைப் பிடியுங்கோ, கம்பியைத் திருப்பி மண்ணிலை குத்திவிடுறன். வாளி முடியப்போகுது.

சுரேஸ்: கோவமோ? கோவப்படவேண்டிய விசயம்தான். வேலை முடிஞ்சு களைச்சு வாற ஆளை இவ்வளவு நாளும் சும்மா அலைய வைச்சிட்டன். உம்மடை வாடகை வீட்டுச் சொந்தக்காரர் சோமசேகரம் ஐயா சாடி வைக்க விடமாட்டன் எண்டு நிண்டதாலைதானே உமக்கு இவ்வளவு அலைச்சலும். கொஞ்சமும் இரக்கமில்லாத மனிசன்.

ஆரபி: பாவம், அந்த மனிசனைத் திட்டாதேங்கோ. நான் குடிபோன அண்டைக்கே, ‘பிள்ளை, முன்விறாந்தை சும்மாதானே கிடக்கு, சாடியெல்லாத்தையும் கொண்டுவந்து வையும்’ எண்டு சொன்னவர். விடமாட்டார் எண்டது நான் உங்களுக்குச் சொன்ன பொய்.