ஆக்சிஜன் மூடிய நேரம்

— செருப்பைக் கழட்டாத பாப்பா, கீழே எல்லாம் ஃபினாயில் தண்ணி. முதல்ல வண்டியைக் கழுவி முடிச்சிடறேன். அப்புறம் நிதானமா சண்டை போடலாம்.

— நீ கழுவிக்கிட்டே பதில் சொல்லு அண்ணா, காது சும்மாதானே இருக்கு. பதினேழாம் தேதி ட்ரிப் ஷீட். இது உன் கையெழுத்துதானா?

— இருபது வருஷமா ஆம்புலன்ஸ் ஓட்டறேன். வேற யாரு கையெழுத்து இவ்வளவு கேவலமா இருக்கும்?

— விளையாடாத. 'மருத்துவமனை சேரும்போது நோயாளி உயிருடன்'னு எழுதியிருக்கே. சேர்ந்த நேரம் நாலு பத்து. அதே ஷீட்ல கீழே பாரு, ஆக்சிஜன் மூடின நேரம் மூணு முப்பத்தஞ்சு. உயிரோட இருக்கற ஆளுக்கு நடுவழியிலேயே எதுக்கு மூடினே?

— சிலிண்டர் தீர்ந்திருக்கும்.

— தீரலை. 'மிச்சம் பாதி'ன்னு நீயேதான் எழுதியிருக்கே.

— அப்ப ஏதோ தப்பா எழுதிட்டேன், விடு.

— ஒரு தடவைன்னா தப்பு. மூணு நாளா உட்கார்ந்து அஞ்சு வருஷ ஷீட்டையும் புரட்டிட்டேன். இந்த மாதிரி நாப்பத்தொண்ணு இருக்கு. எல்லாரும் 'உயிருடன்', எல்லாருக்கும் வழியிலேயே ஆக்சிஜன் மூடியாச்சு. பொய் எழுதணும்னு உட்கார்ந்தவன் அதையாவது ஒழுங்கா எழுதக்கூடாதா?

— ஆக்சிஜன் கணக்குல எப்படிம்மா பொய் எழுதறது? அடுத்த ஆளுக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அதை வச்சுதான் பார்ப்போம். அதுல மாத்தி எழுதினா ஆள் செத்துப் போவான்.

— மேல எழுதின பொய்யால?

— அதனால யாரு சாகப்போறா? ஏற்கெனவே செத்தவங்கதானே.

— யாரும் சாக மாட்டாங்களா? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்துச்சே, தெரியும்ல?

— தெரியாம என்ன. புது ஆஸ்பத்திரி தேவையா இல்லையான்னு பார்த்துச் சொல்ற ஆபீசர் அம்மா தேவையில்லைன்னு எழுதிட்டாங்கன்னும் தெரியும். அந்தப் பக்கம் போனா காறித் துப்பறாங்க. நீ என் தங்கச்சின்னு நான் மூச்சு விடறதில்ல.

— நானா ஆசைப்பட்டு எழுதினேன்? விதி அப்படி. பெரியாஸ்பத்திரியில பாதிப் படுக்கை காலியா இருந்தா பக்கத்துல புதுசா ஒண்ணு கட்டக்கூடாது. ஒரே ஒரு விலக்குதான் இருக்கு. அஞ்சு வருஷத்துல பத்து பேராவது போற வழியிலேயே செத்திருந்தா கட்டலாம். அந்தப் பக்கத்துக்கு ஒரே வண்டி, உன் வண்டி. எத்தனை பேருன்னு பார்த்தேன். ஒருத்தர் கூட இல்ல. அம்பத்தஞ்சு கிலோமீட்டர், அந்தக் குண்டு குழி ரோட்டுல, ஒரே ஒருத்தர் கூட இல்லண்ணா!

— பெரியாஸ்பத்திரிக்காரங்க என்ன சொன்னாங்க?

— எதிர்ப்பு மனு போட்டாங்க. 'எல்லாரும் உயிரோடதான் வந்து சேர்றாங்க, எங்ககிட்ட இடமும் இருக்கு, இன்னொண்ணு எதுக்கு'ன்னு. கமிட்டியில ஒருத்தர் மட்டும் 'அந்த ரோடு ரொம்ப மோசமாச்சே'ன்னு இழுத்தார். நான்தான் எழுந்து சொன்னேன்.

— என்னன்னு?

— என் வீட்டுக்காரரையே அந்த ரோட்டுலதான் கொண்டு வந்தாங்க, உயிரோட வந்து சேர்ந்தார், டாக்டருங்க நாப்பது நிமிஷம் போராடினாங்க, அப்படியும் முடியலை, அதுக்கு ரோடு என்ன பண்ணும்னு. அதோட அவரும் நிராகரிக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டார்.

— அதை ஏம்மா அங்க போய்ச் சொன்னே?

— ஏன் சொல்லக்கூடாது? நடந்ததைத்தானே சொன்னேன்.

— அந்த வாளியை இப்படித் தள்ளு.

— பேச்சை மாத்தாத. ஏன் 'உயிருடன்'னு எழுதினே?

— சொல்றேன். போன வியாழக்கிழமை கல் குவாரியில வேலை பார்க்கறவன் ஒருத்தன், பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு ஏத்தினான். வலி வந்து ரெண்டு நாள் ஆச்சாம். பாலம் தாண்டி பத்து கிலோமீட்டர்ல அடங்கிட்டா. பின்னாடி உட்கார நர்ஸா வச்சிருக்காங்க? நானேதான் ஓரங்கட்டிட்டு, போய்ப் பார்த்துட்டு, ஆக்சிஜனை மூடினேன். அந்தாளு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு 'ஏன் நிறுத்திட்டீங்க, போங்க போங்க'ங்கறான்.

— அப்புறம்?

— வழியில உயிர் போச்சுன்னு எழுதினா போலீஸ் வரணும், விசாரிக்கணும், பொணத்தை அறுக்கணும். ரெண்டு நாள் பிணவறை வாசல்ல அவன் உட்கார்ந்து கிடக்கணும். உயிருடன்னு எழுதினா டியூட்டி டாக்டர் உள்ளே கொண்டு போய்க் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரம் கழிச்சு வெளியே வந்து 'முடிஞ்ச வரைக்கும் பார்த்தோம்பா'ம்பார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவு இல்ல பாப்பா. வழியில போச்சுன்னா அந்த வீட்டு ஆளுங்க மனசு ஆறவே ஆறாது. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமேன்னு சாகற வரைக்கும் அரிக்கும். டாக்டர் கையில போச்சுன்னா, நம்மால ஆனதைச் செஞ்சோம்னு சோறாவது இறங்கும்.

— அந்த ஆறுதலாலதான் இந்தப் பொண்ணு செத்திருக்கா. முதல் பத்துப் பேருக்கு நீ உண்மையை எழுதியிருந்தா பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒரு ஆஸ்பத்திரி வந்திருக்கும்.

— இப்படி ஒரு விதி இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா? ஷீட்டு எங்கயோ ஒரு அலமாரியில தூங்குதுன்னு நினைச்சேன்.

— சரி, அழாத. உன்னைத் திட்ட வரலை. திங்கட்கிழமை மேல்முறையீடு. நீ ஒரு வாக்குமூலம் கொடுத்தா போதும். நாப்பத்தொண்ணு, வியாழக்கிழமைப் பொண்ணோட நாப்பத்திரெண்டு. யாராலயும் மறுக்க முடியாது.

— வேலை போயிடும்ல?

— போகும். கேஸும் வரலாம். எனக்கும் ஆப்புதான், அண்ணன் ஷீட்டைக் கூட முழுசாப் பார்க்காம ரிப்போர்ட் எழுதினியான்னு கேப்பாங்க.

— கேக்கட்டும். எனக்கு லாரி ஓட்டத் தெரியாதா என்ன. பேனாவைக் கொண்டா.

— நீ சொல்லு, நான் எழுதறேன். நீ எழுதினா கமிட்டிக்குப் படிச்சுக் காட்ட இன்னொரு ஆள் வைக்கணும். பேரு, வண்டி நம்பர் எல்லாம் போட்டாச்சு. முதல்முதலா எப்ப இப்படி எழுதினே, யாருக்காக?

— அது எதுக்கு? அஞ்சு வருஷம்தானே கணக்கு.

— எப்படி ஆரம்பிச்சதுன்னு இல்லைன்னா, இப்ப ஆஸ்பத்திரிக்காக ஜோடிச்ச கதைன்னு பெரியாஸ்பத்திரி வக்கீல் கிழிச்சுத் தொங்க விட்டுடுவார்.

— ஞாபகம் இல்லைன்னு எழுது.

— உனக்கா? அந்தப் பொண்ணு எத்தனாவது கிலோமீட்டர்ல அடங்கினான்னு சொல்றே, முதல் ஆள் ஞாபகம் இல்லையா?

— அது கணக்குக்கு முந்தின கதை. கிடக்கு, விடு.

— அந்த வீட்டுக்கு வாக்கு கொடுத்திருக்கியா? அவங்களுக்கும் தெரியட்டுமே. நானா இருந்தா தெரிஞ்சுக்கணும்னுதான் நினைப்பேன்.

— நினைக்க மாட்டே.

— அது எப்படி உனக்குத் தெரியும்? எனக்கு நீ எதையும் மறைக்கலையே. ஸ்ட்ரெச்சரை இறக்கறப்ப 'அவ வந்துட்டாளா'ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாருன்னு சொன்னே. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் ஆறு வருஷம் ஓட்டியிருக்கேன். உண்மை தெரிஞ்சா தாங்கிக்கலாம் அண்ணா. தண்ணியை மூடிட்டு இப்படி வந்து உட்காரு. சொல்லு.

— எழுதிக்கோ. ஆறு வருஷம் முன்னாடி. நல்ல மழை. முப்பத்தொண்ணாவது கிலோமீட்டர் கல்லுகிட்ட ஆக்சிஜனை மூடினேன்.

— ம், ஆளு யாரு?

— அவங்க அம்மாவைப் பார்க்கப் போன இடத்துல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி கேட்டுல வண்டியைத் திருப்பறேன், வாசல்ல அவர் பொண்டாட்டி நிக்கறா. ஆபீஸ்லேருந்து அப்படியே ஓடி வந்திருக்கா, கழுத்துல தொங்கற அட்டையைக் கூடக் கழட்டலை. அவ முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரலை.

— அண்ணா.

— எழுதும்மா. நீதானே எழுதறேன்னே.

— நாப்பது நிமிஷம் டாக்டருங்க உள்ளே...

— நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க சார்னு.

— அவர் கேட்டாரேண்ணா. நான் வந்துட்டேனான்னு கேட்டாரே.

— கேக்கலை பாப்பா. பாலத்துக்கு அந்தப் பக்கமே பேச்சு நின்னு போச்சு. அதையும் நான்தான் சொன்னேன்.