மூன்றாவது நாற்காலி வேண்டாம்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா ஆண்டியப்பன் அவர்களே! ஊசி பிடிக்கும் கையில் உள்ளன்பையும் ஏந்திவரும் நம் ஊர்ச் செவிலியர் ஷீபா அவர்களே! மூட்டு வலித்தாலும் முகம் மலர முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதழில் பேச்சுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்தபடி, டீச்சர் எப்போது முடிப்பார் என்று ஏங்கி நிற்கும் என் பழைய மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் பிரகதாம்பாளின் பணிவான வணக்கம்.

என்ன ராக்காயி? "சுருக்கமாப் பேசுங்க டீச்சர், சாப்பாடு ஆறுது" என்கிறீர்களா? முப்பத்தோராண்டு தமிழ் நடத்தியவளிடம் சுருக்கத்தை எதிர்பார்க்கலாமா? சாம்பார் அடுப்பிலேயே இருக்கட்டும்.

துணை சுகாதார நிலையத்தின் புதுக் கட்டடத்தைப் பார்த்தேன், பூரித்தேன். சர்க்கரைக்கு மாத்திரை, சளிக்கு மருந்து, சூலுற்ற பெண்ணுக்குச் சத்து மாத்திரை. எல்லாம் இங்கேயே, எல்லாம் இலவசமாகவே. இனி பஸ்ஸுக்காகப் பாதி நாள் நிற்க வேண்டாம். இதைவிட மகிழ்ச்சி வேறென்ன?

ஆனால், ஆலோசனை அறையில் ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடக்கிறது. செவிலியருக்கு ஒன்று, வந்தவருக்கு ஒன்று. மூன்றாவது, கூட வரும் சொந்தக்காரருக்காம்! நன்கொடையாளர்கள் அன்போடு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஷீபா வேண்டாம் என்றார். நேற்றைய கூட்டத்தில் தலைவர், "ஊரு குடுத்ததை எப்புடிம்மா வெளியில தூக்கிப் போடுறது?" என்றார். தலைவர் அவர்களே, அந்த நாற்காலியை எதிர்த்துப் பேசத்தான் நான் மேடையேறியிருக்கிறேன். ஏனென்றால், அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்த குற்றவாளி நான்!

நான்கு ஆண்டுகளுக்கு முன், பழைய கட்டடத்துக்கு என் மருமகள் மோகனப்ரியாவை அழைத்துப் போனேன். இரண்டாவது பிரசவம் முடிந்து ஆறு மாதம். இரண்டும் பெண் குழந்தைகள். அறையில் எனக்கு இடமில்லை. விடுவேனா? வராந்தாவில் கிடந்த நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே அமர்ந்தேன்.

"அடுத்த கொழந்தை பத்தி என்ன நெனைக்கிறீங்க மோகனப்ரியா?" என்று ஷீபா கேட்டார். "அடுத்த வருசமே பெத்துக்கிருவா" என்றேன் நான். "நல்லாத் தூங்குறீங்களா?" "நல்லாத் தூங்குறா." "தலை சுத்துதா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல." வகுப்பில் கேள்வியும் நானே கேட்டுப் பதிலும் நானே சொன்ன பழக்கம், விடுமா?

சிரிக்கிறீர்கள். ஷீபா சிரிக்கவில்லை. "டீச்சர், நாற்காலியோட செத்த நேரம் வெளியில இருங்க" என்றார். வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் கொதித்துக் கொண்டிருந்தேன். மோகனப்ரியா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது.

"அத்தே, எனக்கு ரத்தம் எட்டுதான் இருக்காம். அதான் மயக்கம் மயக்கமா வருது. இப்ப எனக்குப் புள்ள வேணாம். கருத்தடை ஊசி போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவள் சுருண்டு படுத்ததையெல்லாம் சோம்பல் என்று ஏசியவள் நான். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று அவள் நலமாக இருக்கிறாள். இதை இங்கே சொல்ல அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். என் பேத்திகள் இருவரும் இதோ பந்தக்காலைச் சுற்றி ஓடுகிறார்கள். மூன்றாவது வேண்டுமா, வேண்டாமா? அது அவள் உடல், அவள் முடிவு. எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கடித்துக்கொள்வேன்!

அடுத்த ஆண்டு, என் இளைய மகன் அரவிந்த்குமார் சோறு இறங்காமல் துரும்பானான். நான் மும்முரமாகப் பெண் பார்த்துக் கொண்டிருந்த நேரம். அவனையும் ஷீபாவிடம் அழைத்துப் போனேன். இந்த முறை சொல்லாமலே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். அவன் வந்த பிறகு, என்ன சொன்னான் என்று ஷீபாவைத் தினமும் துளைத்தேன். "அவர்ட்டயே கேளுங்க டீச்சர்." அவ்வளவுதான் பதில்.

பதினோராம் நாள், பெண் பார்க்க இருவரும் பைக்கில் போனோம். சித்தன்னவாசல் விலக்கு ரோட்டில் வண்டியை நிறுத்தினான். "அம்மா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. எனக்குச் சேரனைத்தான் புடிச்சிருக்கு. அவன்கூடத்தான் வாழப் போறேன்."

இரண்டே சொல்தான் சொன்னேன். ஆம், நானே! "வண்டியைத் திருப்பு." ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "அந்தத் தம்பி மீன் சாப்பிடுமா?" இன்று நான்காம் வரிசையில் இருவரும் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்ல அனுமதி தந்ததும் அவர்களே. "துயரம்னு எழுதியிருக்கீங்க, அதை அடிங்கம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று என் தாளைத் திருத்தியவனும் என் மகனே!

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அன்றைக்கும் நான் உள்ளே உட்கார்ந்திருந்தால்? வயிற்றுவலி என்று சொல்லி எழுந்து வந்திருப்பான். நான் எவளோ ஒருத்தியின் கழுத்தில் தாலியேற வைத்திருப்பேன். இரண்டு வாழ்க்கை பாழாகியிருக்கும். பணம் கட்டும் ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்கள். இலவச ஆஸ்பத்திரி என்றால் ஊரே உட்கார்ந்து கேட்பதா? மருந்து ஏழைக்கும் உண்டு என்றோம். மானம் ஏழைக்கு இல்லையா? மருந்து மருமகளுக்கும் உண்டு என்றோம். மனம் மருமகளுக்கு இல்லையா? திருநங்கை வரட்டும், திருமணமாகாத பெண் வரட்டும், என் மகனைப் போல் ஒருவன் வரட்டும். வந்தவர் வாயால் வந்தவர் பேசட்டும்! நாற்காலி வராந்தாவுக்கு வரட்டும்!

தலைவர் என்ன சொல்கிறார்? "எடுத்துரலாம் டீச்சர்." கைதட்டல் அவருக்கு!

செவிமடுத்த சபைக்கு என் நன்றி. ஷீபா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பதினோரு நாள் உங்களை நச்சரித்தேன், நீங்கள் வாய் திறக்கவில்லை. அதனால்தான் என் மகன் தானே வந்து, தன் வாயால் என்னிடம் சொன்னான். வாழ்க நீங்கள். வணக்கம்.