எட்டுப் பேர் ஏறிய புதுப்படகு

பரந்தாமன்: ...சிரிக்காம இன்னா பண்றது மாமே? உங்க மொதலாளி இடுப்பளவு தண்ணில நின்னுகினு, "ஐயோ, மூழ்குறேன்"னு கத்துறாரு!

கஜபதி: மெதுவா பேசு மச்சான். அதோ, கரையில வேட்டி பிழிஞ்சிகினு கீறாரு. படகு கவுந்ததுல எட்டு பேருக்கும் அடி ஒண்ணும் இல்லியே?

பரந்தாமன்: இல்ல. என் பீடிக்கட்டுதான் பூட்ச்சு. உங்க பட்டறைல செஞ்ச புதுப்படகு, ஓசி சவாரின்னு பருத்திப்பட்டு ஏரிக்கு இட்டாந்தியே... எங்கக்காவக் கட்டுனவராச்சேன்னு நம்பி வந்தேன் பாரு!

கஜபதி: சவாரி இல்ல மச்சான்... சோதன.

பரந்தாமன்: அடப்பாவி! நாங்க இன்னா மணல் மூட்டையா?

கஜபதி: மூட்ட போட்டு முன்னயே பாத்தாச்சு. எட்டு பேரு எட. படகு ஆடல, அசையல. ஒடனே மொதலாளி, 'எட்டு பேர் ஏறலாம்'னு தகடு அடிக்கச் சொல்ட்டாரு.

பரந்தாமன்: அப்பால இன்னா?

கஜபதி: மூட்ட வெச்ச எடத்துல கெடக்கும். மனுசன் கெடப்பானா? கொழந்த குட்டியோட ஏறுவாங்க. ஒருத்தன் மீனக் காட்டுனா அத்தினி பேரும் அந்தப் பக்கம் சாய்வாங்க. எத்தினியோ தபா சொல்லிட்டேன்... "நைட்டு கிளாஸ் போய்ட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறியா"ங்கிறாரு.

பரந்தாமன்: அதான், அவரையும் சேத்து எங்கள ஏத்துனியா?

கஜபதி: ஆழமில்லாத எடமாப் பாத்துதான்... ஆனா நீங்க ஏறிக்கினு பொம்மையாட்டம் குந்திட்டீங்க. படகு ஜம்முனு போவுது. அவரு என்னப் பாத்து சிரிக்கிறாரு. நம்ம கணக்குதான் தப்போன்னு எனுக்கே...

பரந்தாமன்: மூஞ்சி செத்துப்போச்சு. பாத்தேன்.

கஜபதி: நல்லவேள! இப்ப அவரே, "அஞ்சு பேருன்னு அடிடா"ன்ட்டாரு. நாளைக்கு, வாங்குன போட் கிளப்புக்குப் போவுது படகு. இன்னிக்காவது தூங்குவேன்.

பரந்தாமன்: தூங்கு, தூங்கு.

கஜபதி: ஆமா... திடீர்னு "பாம்பு"ன்னு கத்திகினு எய்ந்தியே. எல்லாரும் உன் பக்கமே சாஞ்சாங்க. எனுக்கு ஒண்ணும் தெரியலியே... எங்க இருந்துச்சு?

பரந்தாமன்: பாம்பு ஏது மாமே? அக்காதான் காலைல ஊட்டுக்கு வந்து, "உங்க மாமா ஒரு வாரமா சோறு துன்னல. அவருகிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டாரு. மொதலாளி படகுல ஏறுனதும் எதுனா சொல்லி அத்தினி பேரையும் ஒரு பக்கம் எய்ப்பி விட்டுடு"ன்னு சொல்லிட்டுப் போச்சு.