இடது பையில் ஒன்று, வலது பையில் ஒன்று

உங்கள் மேஜையில் இருக்கும் போனை மாற்றிவிடுங்கள், ஐயா. அந்த வகையின் பேட்டரி குளிர் தாங்காது. சோஃபியா நகரத்து ஜனவரியில் தெருவில் நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள் அணைந்துவிடும்.

யாசெனும் நானும் பல வருடமாக போன்களை ஒப்பிட்டு வீடியோ போட்டோம். திரையில் தெரிவது அவன். சோதனைகள் என்னுடையவை. எனக்குக் கூச்சம், என் குரல்கூட அவற்றில் கிடையாது. எங்களுக்கு ஒரே ஒரு விதி. சோதனை தொடங்கிவிட்டால் முடியும்வரை போனை யாரும் தொடக் கூடாது. தொட்டால் முடிவு செல்லாது. ஒருமுறை அவன் அம்மா சோதனையிலிருந்த போனுக்கு அழைத்து அழைத்து ஓய்ந்துபோனார். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த முறை இரண்டு போன்கள். உயரத்திலிருந்து ஆள் விழுந்தால் தானாகவே உதவிக்கு அழைக்கும் என்று இரண்டுமே சொல்கின்றன. அவனுடைய பழைய கோட்டில் மாவு மூட்டையைத் திணித்து, பைக்கு ஒரு போனாக வைத்து, மாடியிலிருந்து தள்ளிப் பார்த்தேன். இரண்டும் வாய் திறக்கவில்லை. யாசென் பனித்ஸா பலகாரத்தைத் தின்றபடியே சிரித்தான்.

"போன் உன்ன மாதிரி மக்கு இல்ல, ரலி. மூட்ட எது, மனுஷன் எதுன்னு அதுக்குத் தெரியுது. ஆளு விழணும்."

"யாரு விழறது?"

"நீ விழு. எப்படியும் ஒருத்தனும் கவனிக்கப் போறதில்ல."

பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டில் ஒரு நிறுவனத்தின் விளம்பர முகமாக வேலைக்குப் போவதாகச் சொன்னான். "வீடியோல என் போன்தான் ஜெயிக்கணும். நீ எப்படியாவது சரிக்கட்டிரு, என்ன?"

நான் தலையாட்டினேன். அதனால்தான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். அது காரணம் இல்லை.

வித்தோஷா மலையில் பாறை விளிம்பில் நின்று அறிமுகம் பேசினான். அவன் போன் இடது பையில், மற்றது வலது பையில். ஒரே உடம்பு, ஒரே உயரம். இதைவிட நியாயமான ஒப்பீடு அமையாது. அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தள்ளினேன்.

கீழே பனி இருந்ததால் உடனே சாகவில்லை. பக்கத்துச் சரிவில் சறுக்கி இறங்கினேன். அவன் கண் திறந்திருந்தது. கை இடது பைக்குப் போனது.

"தொடாத யாசென். சோதனை ஓடுது."

சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். பழக்கம். பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. மறுபடி நீட்டப் பார்த்தான்; விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

இடது போன் பேசியது. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டது. பதில் வராவிட்டால் மீட்புப் படையை அழைத்துவிடும். ஆட்கள் வந்தால் வலது போனின் சோதனை கெட்டுப்போகும். இடது போனை வெளியே எடுத்து, 'நலம்' என்பதை அழுத்தினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் போனிலிருந்தாவது ஏன் அழைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அது படம் பிடித்துக்கொண்டிருந்தது, ஐயா.

அவன் மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வலது போன் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் வென்றது அதுதான் என்று அறிவித்தேன். இடது போனை நான் தொட்டுவிட்டேன் அல்லவா? தொட்டால் முடிவு செல்லாது.