லெம்பி ஹார்யு யாரைப் பார்த்துப் புன்னகைத்தார்?

தலைவர் அவர்களே, வெர்னாவின் தங்கை ஆக்னஸ் அம்மையார் அவர்களே, அச்சுக்கூடத் தோழர்களே, நிருபர்களே,

நம் மாலைப் பத்திரிகையின் செய்தித் திருத்தப் பிரிவுத் தலைவர் வெர்னா ஹால்வர்சன் ஞாயிறு விடியற்காலை தூக்கத்திலேயே காலமானார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னதை ஆக்னஸ் இன்று காலை என்னிடம் உறுதி செய்தார். யார் சொன்னது என்று முதலில் சொல்லாவிட்டால் வெர்னா மேற்கொண்டு படிக்கமாட்டார். அது உங்களுக்குத் தெரியும்.

இந்த டுலூத் நகரில் அவர் பேனாவுக்குத் தப்பிய நிருபர் உண்டா? நம் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பேசினால் 'கூறினார்'. பெண் பேசினால் 'புன்னகைத்தார்'. நகரமன்றத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் தேர்வானபோது, சாக்கடைக் குழாய் உடைந்ததைப் பற்றி அவர் பேசியதையும் "என்று புன்னகைத்தார்" என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

"யாரப் பாத்துப்பா சிரிச்சாங்க? சாக்கடையவா?" என்று வெர்னா கேட்டார்.

"அழகா இருக்கட்டுமேன்னு போட்டேன்க்கா."

"மேயரும் அழகாத்தான் இருக்காரு. அவருக்கும் போட்டுட்டு வா."

அறையே சிரித்தது. லெம்பி ஹார்யு வழக்கில் அதே வழக்கத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

துறைமுகத்தருகே தங்கும் விடுதி நடத்திய பின்லாந்துக்காரப் பெண் லெம்பி. விடுதிக்குத் தீ வைத்துக் கணவரைக் கொன்றதாக அவர்மீது வழக்கு. விசாரணையின் முதல் நாள், நீதிமன்றப் படிக்கட்டில் அவர் பல் தெரியச் சிரிக்கும் படம் நம் முதல் பக்கத்தில் வந்தது. கீழே, "விதவை புன்னகைக்கிறார்." ஜூரிகள் அன்றாடம் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை படித்தவர்கள். ஆயுள் தண்டனை விழுந்தது. புருஷன் செத்தும் சிரித்தாளே என்று ஒரு ஜூரி வெளிப்படையாகவே சொன்னார்.

படம் வந்த நாள் முதல் தீர்ப்பு வரை வெர்னா விடுப்பில் இருந்தார். திரும்பியதும் படத்தை எடுத்துக்கொண்டு புகைப்படக்காரர் ரே டோம்பெக்கிடம் போனார். ரே இங்கேதான் இருக்கிறார். இதைச் சொல்லச் சொன்னவரும் அவரே.

"யாரப் பாத்து ரே?"

"என்னப் பாத்துதான். 'இங்க பாருங்கம்மா, கொஞ்சம் சிரிங்க'ன்னேன். எல்லாருகிட்டயும் சொல்றதுதானக்கா. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நான் வாயை இழுத்துக் காட்டினேன். பாவம், அதே மாதிரி செஞ்சுது."

வெர்னா நேரே முதலாளி கிராண்டல் அறைக்குப் போனார்.

"தீர்ப்பே வந்தாச்சு வெர்னா. இப்பப் போட்டா நம்ம மூஞ்சியிலதான் கரி."

"பூசிக்குவோம் சார். நமக்குக் கழுவுனாப் போயிடும். அந்தம்மா சாகிற வரைக்கும் உள்ள இருக்கணும்."

மறுநாள் முதல் பக்கத்தில், அதே இடத்தில், அதே அகலத்தில் நான்கு வரி வந்தது: திருமதி ஹார்யு எங்கள் புகைப்படக்காரர் கேட்டதனால் புன்னகைத்தார். அதை நாங்கள் சொல்லாமல் விட்டோம். வருந்துகிறோம்.

எந்தப் பத்திரிகை அன்று அப்படி எழுதியது? எந்த முதலாளி அதற்கு இடம் கொடுத்தார்? கிராண்டல் அவர்களுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். லெம்பியின் வக்கீல் அந்த நான்கு வரியை நீதிபதிமுன் வைத்தார். மறுவிசாரணைக்கு உத்தரவானது.

வெர்னா, உங்களுக்கு நன்றி. எங்கள் நல்ல வரிகளை வெட்டியதற்கு நன்றி. வெட்டியபோது நாங்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காததற்கும் நன்றி. இனி உங்கள் மேசையில் யார் உட்கார்ந்தாலும், ஒரு முகத்தைப் பற்றி எழுதுமுன் எதிரே நின்றது யார் என்று விசாரிப்போம். இது இந்தச் சபையின் முன் நாங்கள் தரும் வாக்கு.

மறுவிசாரணை முடிந்துவிட்டது. இம்முறை ஜூரிகளைப் பத்திரிகை எட்டாத ஓட்டலில் வைத்திருந்தார்கள். நேற்று மாலை அவர்கள் ஆலோசனை அறைக்குள் போனார்கள். நான் மேடை ஏறும்வரை வெளியே வரவில்லை. லெம்பி ஹார்யு நீதிமன்றத்தில் அதற்குப் பக்கத்து அறையில் காத்திருக்கிறார். நாளை நண்பகலுக்குள் தீர்ப்பு வரக்கூடும் என்கிறார் நீதிமன்ற எழுத்தர்.