முதுகில் பூரி படம்

நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இருவருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"முதுகுல பூரி படம் போட்டுகினு கபடி ஆடுனது நம்ம டீம் ஒண்ணுதான், பாத்திமா."

"பனியன் குடுத்தது ஓட்டல்காரராச்சே, கலா. ஆடி முடிச்சா டிபனும் அவர் ஓட்டல்லதான்."

"குவார்ட்டர்ஸ் பொண்ணுங்களும் எங்க ஊரு பொண்ணுங்களும் கலந்து ஆடுனாதான் தருவேன்னாரு. எங்கப்பா மைன்ஸ்ல கான்ட்ராக்ட். உங்கப்பா பெர்மனென்ட். உங்ககூட உக்கார பயந்துகினு, மொத நாள் நின்னுகினே சாப்ட்டேன். நீதான் பக்கத்துல சேர் இழுத்துப் போட்ட."

பாத்திமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க மதுரையிலேருந்து வந்த புதுசு. அது வரைக்கும் என் பக்கத்துலயும் யாரும் உக்காரல, கலா."

கலா மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.